அவர் விரலுக்கு ஏற்ற சாஃப்ட்வேர்

பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "வாங்க." பசித்தாலும் வாங்க, வலித்தாலும் வாங்க, நர்ஸ் ஊசியோடு வந்தாலும் வாங்க. நாச்சியாபுரம் போகிற ரோட்டில் எங்கள் மாந்தோப்புக்குள் கூடாரம் போட்டு, கேரவன் வண்டிகள் நிறுத்த இடம் ஒதுக்கி, முகாம் நடத்திய மனுஷர். வருஷக்கணக்கில் வாசலில் நின்று சொன்ன சொல்லாயிற்றே, அதையாவது நோய் விட்டுவைத்ததே என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு வாயில் நல்லா வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முகாமின் பதிவெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. யாருக்கு எந்த மரத்தடி, எந்த வண்டிக்குக் கரண்ட் வயர் எட்டும், எந்தக் குடும்பத்தை எந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது, எல்லாம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே மரத்தடிக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நின்று என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் மகன் போனில் சொன்னான்:

"அப்பாவால இனிமே முடியாதும்மா. ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போடு. எல்லாம் அதுவே பாத்துக்கிரும். ஆளே வேணாம்."

"ஆளே வேணாமா? நீ பேசுறது ஒங்கப்பாவப் பத்திடா. நெனப்பு இருக்கா?" என்று கத்திவிட்டு வைத்தேன். ஆனால் சாஃப்ட்வேர் வாங்கத்தான் வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. அதில் அவருக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் பிடிவாதம். முகாமை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டால் அந்தச் சக்கர நாற்காலியிலேயே செத்துப்போவார் என்று பயந்தேன்.

மூன்று கம்பெனிக்காரர்கள் தொடுதிரை டேப்லெட்டோடு வந்து காட்டினார்கள். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். முதலாவது, பொடி எழுத்தில் பட்டியலுக்கு மேல் பட்டியல். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டும். அவருடைய வலது கை மடியில் கிடந்தது. மூன்றாவது ஆள் கணீரென்று ஆரம்பித்தான்.

"மேடம், ஒரு நாளைக்கு எத்தனை செக்-இன் வரும்?"

"அது கெடக்கட்டும் தம்பி. இடது கையால, ஒத்த வெரலால இத ஓட்டலாமா? அத மொதல்ல சொல்லுங்க."

அந்தப் பையன் டேப்லெட்டை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பினான். பிறகு எங்கள் தோப்பையே ஒரு படமாகப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு மரத்தடியும் ஒரு கட்டம். வருகிறவர்கள் கலர் கலரான பட்டைகள். விரலால் இழுத்து இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு மாற்றலாம். என் வீட்டுக்காரர் இடது கையை நீட்டி ஒரு மஞ்சள் பட்டையைக் கிணற்றடிக்கு இழுத்தார். "வாங்க!" என்றார். நோய்க்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். மற்ற இரண்டைவிட விலை அதிகம் என்று மகன் குதித்தான். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் நிறுத்தச் சொன்னேன். பதிவு, மாற்றம், ரத்து என்று எதற்கெடுத்தாலும் வாடிக்கையாளருக்குத் தானாகவே மெசேஜ் போகுமாம். எங்கள் பக்கத்தில் அது ஆகாது. இழவு விழுந்த வீட்டுக்கு "உங்கள் கொண்டாட்டத்துக்குக் காத்திருக்கிறோம்" என்று போய் நின்றால் நாங்கள் ஊரில் தலைகாட்ட முடியுமா?

வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கூடாரங்களும் வண்டி இடங்களும் பதிவாகியிருந்தன. அந்த மாதிரிப் பழைய பெரிய வீடுகளில் ஊரே படுக்கலாம். குளிக்கத்தான் வசதி போதாது, அதனால் விருந்தாளிகளுக்கு எங்கள் தோப்பு. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், மடியில் வைத்த டேப்லெட்டில் அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, இவுக வரலையா?"

"வாங்க" என்றார். இல்லை என்று தலை ஆடியது. இடது கை காற்றைத் துடைத்தது.

எனக்குச் சுருக்கென்றது. பங்காளி வகையில் ஒரு சாவு விழுந்தால் தீட்டு, கல்யாணம் தள்ளிப்போகும். அந்தத் துக்கத்தில் கூடாரக்காரனுக்கு யார் போன் போட்டுச் சொல்வார்கள்? நாமும் கேட்கக் கூடாது. கல்யாண வீட்டைக் கூப்பிட்டுக் கல்யாணம் உண்டா என்று கேட்டால் நாக்கு அழுகிவிடாதா? அந்தக் காலத்தில் அவர் கடைவீதியில் காதில் விழுவதை வைத்தே புரிந்துகொண்டு, ஓசைப்படாமல் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். இப்போதும் பகலெல்லாம் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். போகிறவர் வருகிறவர் பேச்சு காதில் விழுந்திருக்கும். மனுஷர் உள்ளே முழுசாகத்தான் இருக்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு போன் போட்டுக் கேளும்மா" என்றான் மகன்.

"ஒங்கப்பாவுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்?" என்றேன். கோயம்புத்தூரிலிருந்து கேரவன்களில் வருகிற ஒரு கூட்டத்துக்கு இடத்தைக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வேன்கள் வந்து நின்றன. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்ணைப் பெற்ற அம்மா முதலில் இறங்கினார். யாரும் சாகவில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வாசலில் நாற்காலியில் இவர், "வாங்க, வாங்க" என்கிறார். தோப்பு முழுக்கக் கோயம்புத்தூர்க்காரர்கள்.

"எங்க எடம் எங்குட்டு இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்கு வாய் குழறிப்போய், உள்ளதை உளறிவிட்டேன்.

"தீட்டுன்னு நெனச்சுப்புட்டேங்க…"

"ஆத்தாடி! கல்யாணக்காரியப் பாத்து என்ன வார்த்தை சொல்லிப்புட்டீக!" அந்த அம்மாவின் கை தாலிக்குப் போனது. வயிறு எரிய என்னைப் பார்த்துவிட்டு வேனில் ஏறினார். அத்தனை பேரும் அன்றைக்கு எங்கே போய்த் தங்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் போன பிறகு திரையை முழுதாகப் பார்த்தேன். வலையபட்டிக்காரர்களை மட்டும் அவர் தள்ளவில்லை. அடுத்த மாதத்தில் பாதியைத் துடைத்திருந்தார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுற்றுலாவைக் கிணற்று மேலேயே வைத்திருந்தார். ஒன்றுக்கும் காரணம் கிடையாது. விரல் போன இடம், அவ்வளவுதான். அவர் உள்ளே இருக்கிறார் என்று நான்தான் கதை கட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

மறுநாள் அந்த சாஃப்ட்வேர் பையனைக் கூப்பிட்டேன். "சாரை அந்த சாஃப்ட்வேர்லேருந்து எடுத்துருங்க தம்பி."

அவன் தயங்கினான். "எடுத்துட்டா அவரோட திரை காலியாயிரும்மா. புதுசா வேலைக்கு வர்றவங்க பழகிப்பார்க்க ஒரு பொய் முகாம் வச்சிருக்கோம். இதே தோப்பு, இதே கட்டம். ஆளுங்க மட்டும் நெசமில்ல. அத அவருக்குப் போட்டுவிடட்டுமா?"

"போடுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது காலையிலிருந்து அவருக்கு வேலை. இல்லாத குடும்பங்களை இல்லாத கூடாரங்களில் இழுத்து வைக்கிறார். சாயங்காலமானால் திரையைத் தட்டிக் காட்டி, வாசலுக்குத் தள்ளு என்று கையை அசைப்பார். தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவேன். பக்கத்திலேயே நானும் நின்று ரோட்டைப் பார்ப்பேன். புருஷனை ஏய்க்கிறவள் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் நிஜமாகவே ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. பின்சீட்டுக் குழந்தை அவரைப் பார்த்துக் கையாட்டியது. இவர் வண்டியைப் பார்த்தார், மடியில் இருந்த திரையைப் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுங்கச் சொல்லி இடது கையைக் கோபமாக வீசினார். அந்த வண்டி வழியை மறைத்துக்கொண்டு நின்றது. அவருடைய ஆட்கள் வர வேண்டுமே. நான் அவர்களைப் பக்கத்துப் பாதையில் உள்ளே அனுப்பிவிட்டு, அவரோடு நின்றேன்.