மச்சான் கயித்துல இருந்த மூணு மாசம்

குடியை விடுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாதமோ ஆறு மாதமோ, கெடுவை நாமே சொல்லலாம். அது முடிகிறவரை தொட மாட்டேன் என்று சாமிக்கு வாக்கு. அப்படிக் கட்டியவரை, "அவரு கயித்துல இருக்காரு" என்பார்கள், ஏதோ உத்தியோகத்தில் இருப்பது போல. கூட்டாளிகள் அவரைக் கடைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் கெடு முடிகிற நாளை அவரைவிடச் சரியாக நினைவு வைத்திருப்பார்கள்.

மச்சான் என் மனைவியின் தம்பி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் குடி. போன வருஷம் ஒரு நாள், யாரும் சொல்லாமலே முதுநகர் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்குப் போய், மூன்று மாதத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கு வீட்டில் கேசரி.

மூன்றாம் நாள் காலை மச்சானுக்குக் கை நடுங்கியது. டீ டம்ளர் தாளம் போட்டது. வேர்த்துக் கொட்டியது. பிறகு, பாயில் இல்லாத எறும்புகளைத் தட்டித் தட்டி விட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அம்மா, "கயிறு வேலை செய்யுது, ஆத்தா எறங்குறா" என்று விபூதியோடு வந்துவிட்டார். பொய் சொல்வானேன், நானும் நம்பினேன். நல்ல வேளையாக, மச்சானைத் தேடி வந்த ஸ்டாண்டுக் கூட்டாளி ஒருவர் எட்டிப் பார்த்தார். "மாமா, இது சாமி இல்ல. எங்க சித்தப்பாவுக்கு இப்படி ஆகித்தான் வலிப்பு வந்துச்சு" என்று மச்சானை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

டாக்டரம்மா கயிற்றைப் பார்த்தார். "கட்டினது தப்பில்ல. இத்தனை வருஷம் தினம் குடிச்சவரு ஒரே நாள்ல நிறுத்துனா உசுருக்கே ஆபத்து. இங்க வந்துட்டு அப்புறம் அங்க போயிருக்கணும்." ஒரு வாரம் படுக்கையில் வைத்து, ஊசியும் மாத்திரையும் கொடுத்து ஆளைத் திருப்பித் தந்தார்கள்.

கண்டம் தாண்டியாச்சு என்று நினைத்தோம். அப்புறம்தான் அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்தது.

"சப்புனு இருக்குக்கா."

மச்சான் இதைச் சொன்னது கத்திரிக்காய் கொத்சு சாப்பிடும்போது. என் மனைவி விடுவாளா? மறுநாள் உப்பு ஏறியது. "இப்ப?" "சப்புனுதான் இருக்கு." புளி ஏறியது. அதற்கு மறுநாள் மிளகாய். அவர் அசையவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. "உன் தம்பி சொல்றது கொத்சுவைத்தானா?" என்று கேட்டால், "பின்ன என்னையா சொல்றான்?" என்பாள்.

கவனித்துப் பார்த்தேன். கிரிக்கெட்டும் அவருக்குச் சப்புனுதான். தேரும் சப்பு. தரகர் கொண்டுவந்த பெண் போட்டோவும் சப்பு.

"மாமா, ஒண்ணே ஒண்ணுதான் ருசியாத் தெரியுது" என்றார் ஒருநாள். "கெடு முடியிற நாளு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டாண்டுக் கூட்டாளிகள் மத்தியில் அந்த நாளுக்குப் பிரியாணியும், கூடவே மற்றதும் என்று முடிவாகியிருந்தது.

மறுமுறை டாக்டரம்மாவிடம் போனபோது என் மனைவி முந்திக்கொண்டாள். "நாக்கு செத்துப்போச்சும்மா இவனுக்கு."

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்கும்மா. இது நல்லாருக்கு, இன்னும் வேணும்னு நம்மள இழுக்கிறது அதுதான். சாராயம் அதைத் தினமும் அளவுக்கு மீறிக் கிளப்பிவிடும். வாசல்ல கோயில் ஸ்பீக்கர் குழாய் கட்டின மாதிரி. இரைச்சல் தாங்காம மூளை, கேக்குறதையே குறைச்சுக்கும். அப்புறம் குடிய நிறுத்துறீங்க. இரைச்சல் போயிடும், டோபமைன் எப்பவும் இருக்கிற அளவுக்கும் கீழ எறங்கிடும். மூளை மட்டும் பழையபடி மந்தமாவே இருக்கும். சாப்பாடு, பாட்டு, சிரிப்பு எல்லாம் மெல்லிசாப் பேசுற விஷயம். அது எட்டாது."

மச்சான் காதைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப என் மூளை காதைப் பொத்திக்கிட்டிருக்குதா?"

"ஆமா. கைய எடுக்க மாசக்கணக்காகும். ஆளுக்கு ஆள் மாறும். கயித்துக் கெடுவெல்லாம் அதுக்குத் தெரியாது. இந்த நேரத்துல ஒண்ணு குடிச்சா மறுபடி இறுக்கிப் பொத்திக்கும்."

வரும் வழியில் என் மனைவி, "அப்ப என் கொத்சு மேல தப்பு இல்ல" என்றாள். அன்று முதல் உப்பு இறங்கியது.

கெடு முடிந்த நாளும் வந்தது. நானும் மச்சானும் ரயிலில் முதுநகர் போய் இறங்கினோம். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மீன்காரம்மாவிடம் மச்சான், "இது நேத்து மீனு" என்று நின்றுவிட்டார். செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், கண்ணைப் பார்க்கிறார்.

"வாங்கறதுன்னா வாங்கு. மீனுக்கு ஜாதகமா பாக்குற?" என்றார் அந்த அம்மா.

மச்சான் சிரித்தார். மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் "சப்பு" என்று மட்டும் சொன்ன ஆள், மீனுக்காகக் கால் மணி நேரம் மல்லுக்கு நின்றார்.

கோயிலில் பூசாரி பிளேடை எடுத்தார். "அறுத்துடலாமா?"

மச்சான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "இன்னும் ஆறு மாசம் போட்டுடுங்க சாமி."

"மூணுதான சொன்ன?"

"கைய எடுக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் முழுசா எடுக்கல."

பூசாரி என்னைப் பார்த்தார். "கட்டிடுங்க சாமி, அது பெரிய கதை" என்றேன்.

வெளியே வந்ததும் ஸ்டாண்டிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன மச்சான், அவுத்தாச்சா?"

"நீட்டிட்டேன்டா. ஆறு மாசம்."

"அப்ப பிரியாணி?"

"பிரியாணிக்கு வர்றேன். அக்காவையும் கூட்டிட்டு வர்றேன்."

"அக்காவையா?" யாரிடமோ கலந்து பேசும் சத்தம் கேட்டது. "அப்ப சாயங்காலம் வேணாம்டா. மத்தியானமே வச்சுக்கலாம். மோர் சொல்லிடுறோம்."