மத்தூர் சாலையில் ஒரு கையசைப்பு

அறுபது இளநீர். கெம்பய்யாவின் மொபெட் மத்தூர் சந்தைக்கு ஒரு நடையில் சுமப்பது அவ்வளவு. கால் வைக்கும் இடத்தில் குலை, பின்னால் இரு பக்கமும் குலை; நடுவில் ஐம்பத்து நான்கு வயது கெம்பய்யா, கால்களை அகட்டிக்கொண்டு.

அந்தச் சாலையில் பால் கேன், புல்லுக்கட்டு, ஆட்டுக்குட்டி எல்லாம் மொபெட்டில்தான் போகும். ஹெல்மெட் எல்லோரிடமும் உண்டு, வண்டியில் தொங்கும். எதிரே வருபவர் உச்சந்தலையைத் தட்டினால் முன்னே போலீஸ் நிற்கிறது, மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளங்கையை வீசினால் யாரும் இல்லை, கழற்றிவிடலாம். கெம்பய்யாவின் கை பொய் சொன்னதே இல்லை என்பார்கள்.

மார்ச் மாதம் ஒரு காலை, சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கால்வாய்ப் பாலத்தில் போலீஸ் இல்லை. எதிரே பால்காரி சௌடம்மா, ஹெல்மெட்டோடு. கெம்பய்யா கையை வீசினார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கையால் கழற்றிக் கேன் கழுத்தில் மாட்டினாள். லாரியிலிருந்து விழுந்து நசுங்கிய கரும்பு சாலையெங்கும் கிடந்தது. கேன்கள் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்; கரும்பில் வழுக்கி வண்டியோடு விழுந்து கிடந்தாள். ஹெல்மெட்டில் ஒரு கீறலும் இல்லை. அவள் தலையில் ஏழு தையல்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான். ஊர் அதை மட்டும் பேசியது.

"கெம்பண்ணா இல்லேன்னா அந்தப் பொம்பள அங்கேயே போயிருக்கும்!" என்று டீக்கடைக்காரர் சூடாக வடையை எடுத்து நீட்டினார். கெம்பய்யா அதை வாங்காமல் எழுந்து போனார். மறுநாளிலிருந்து கடைப் பக்கமே போகவில்லை. ஒரு வாரம் கழித்துச் சௌடம்மா வீட்டுக்குப் போனார்.

"வாண்ணா. பாரு, திருப்பதி போகாமலே பாதி மொட்ட!"

"சௌடம்மா, அன்னைக்குக் கை வீசினது நான்."

"எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"நான் வீசலேன்னா நீ கழட்டியிருக்க மாட்ட."

"போலீசு இல்லேன்னு சொன்ன. இல்லதானே?"

அவர் அவள் தலையிலிருந்த தையலைப் பார்த்தார்.

"ஊரெல்லாம் உன்னப் புகழ்ந்துக்கிட்டுத் திரியறது நான்தான். நிறுத்திடவா?"

"நிறுத்திடும்மா."

அதன் பிறகு கெம்பய்யா ஹெல்மெட்டோடுதான் வண்டி எடுத்தார். எதிரே வருகிற எல்லோரையும் பார்த்துத் தலையைத் தட்டினார். சில நாள் எல்லோரும் அவசரமாக மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஏச்சு.

"கெம்பண்ணா, உன் போலீசு எந்தக் கரும்புத் தோட்டத்துலய்யா ஒளிஞ்சிருக்கு?"

"பெரிய பொய்யன்யா இந்தாளு!"

கெம்பய்யா அடுத்த வண்டிக்கும் தட்டுவார்.

சௌடம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. காயம் முழுக்க ஆறும்வரை ஹெல்மெட் போட முடியாது; அது இல்லாமல் வண்டி எடுக்கக் கெம்பய்யா விடுவதில்லை. அதுவரை அவள் பால் கேன்களை டெய்ரிக்குக் கொண்டுபோவது கெம்பய்யாதான். இளநீருக்கு இரண்டாவது நடை.