மூக்கடியில் ஒரு விரல்

நான் எழுதுவது நடந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி, பட்டப்பகல், மணி இரண்டு நாற்பது. நம்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். எழுபது வயதில் யாரையும் கெஞ்சி நம்பவைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

என் பெயர் அழகேசன். வீடு பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே, மூன்றாவது மாடி. என் தம்பி உதயகுமார் ராணுவத்தில் ஹவில்தார். இரண்டு பனிக்காலம் மலை உச்சிக் காவல் குடிலில் இருந்தான். உள்ளே இரவும் பகலும் மண்ணெண்ணெய் அடுப்பு. கதவைத் திறந்தால் குளிர் கொல்லும், மூடினால் புகை கொல்லும். ஊர் திரும்பிப் பல வருடம் ஆன பிறகும் சளி கறுப்பாகத்தான் வந்தது. இன்னொரு பழக்கமும் கூடவே வந்தது. மணிக்கொரு தரம் எழுந்து, தூங்குகிறவர்களின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பான். மூச்சு வந்தால் அடுத்தவரிடம் போவான்.

என் மகள் சுவேதாவின் நிச்சயதார்த்தத்துக்கு வந்து தங்கிய சம்பந்தி, அந்த விரல் பட்டு அலறிவிட்டார்.

"இன்னாங்க இவரு, மெண்டலா?"

"குடிச்சிருக்கான். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

உதயன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பைத்தியம் என்ற பேச்சு எங்கள் வம்சத்தில் வரக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு. அவன் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

அவன் நுரையீரல் கெட்டபோது ராணுவ மருத்துவக் குழு வீட்டாரிடம் விசாரித்தது. குடிப்பான் என்று அதையே எழுதிக் கொடுத்தேன். "நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை. குடிப்பழக்கம்" என்று ஒரே வரியில் முடித்தார்கள். அந்தப் புகையில் ஒரு இரவு படுத்துப் பார்க்காதவர்கள் எழுதிய வரி! போன வருடம் அவன் செத்தான். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை.

ஏப்ரல் ஒன்பது காலை, அவன் மனைவி ரேணுகா ஓய்வூதிய மேல்முறையீட்டுத் தாளோடு வந்தாள்.

"மாமா, அவரு குடிக்கலன்னு ஒரு கையெழுத்து போடுங்க. விரல் வெச்சுப் பாத்ததும் இதுல கீது. நாளைக்குக் கடைசி நாள்."

"குடும்ப மானத்தை ஆபீஸ் ஆபீஸா அலையவிடச் சொல்றியா?"

"குடிகாரன்னு எழுதி வெச்சிருக்காங்களே, அதான் மானமா?"

தாளை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதை டிராயரில் போட்டுப் பூட்டினேன். சாப்பிட்டுப் படுத்தேன்.

2.40. விழிப்பு வந்தது.

மண்ணெண்ணெய் வாடை. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கி இருபது வருடமாகிறது.

ஃபேன் ஓடியது. காற்று வரவில்லை.

சர்க்... சர்க்... சர்க்... பம்ப் அடுப்புக்குக் காற்றடிக்கும் சத்தம்.

பிறகு நடை. கனத்த பூட்ஸ். பக்கத்து அறையில் என் மனைவி சரசா தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே நின்றது. ஒரு நொடி. மறுபடி நடை...

என் அறை.

கண்ணைத் திறக்க முடியவில்லை.

மூக்கடியில்... விரல். பனிக்கட்டி.

"உதயா..." குரல் வரவில்லை.

விரல் நகரவில்லை. காத்திருந்தது.

மூச்சு விட்டேன். விட்டதாகத்தான் நினைத்தேன்...

நெற்றியில் ஏதோ அழுந்தியது.

2.43. எழுந்தேன். வாடை இல்லை. சரசா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குக் கரி. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். துண்டு கறுத்தது. யாரிடமும் சொல்லவில்லை. டிராயரைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.

கூடப் பணியாற்றிய ஒருவரின் சாட்சியும் தாளில் வேண்டியிருந்தது. மாலை ஐந்தரைக்குக் கரையான்சாவடியில் ஷேக் தாவூத் வீட்டுக்குப் போனேன். உதயனோடு அதே குடிலில் இருந்தவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதே இருமல்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அண்ணாத்தே? அவன் இருந்தப்போ வந்திருந்தா டீயாச்சும் வாங்கிக் குடுத்திருப்பான்."

தாளை அவர் முன் வைத்தேன். இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவன்தான் நான்.

"விரல் வெக்கிறது பைத்தியமா? அது டூட்டி. தூங்குறவன் பொகையில அப்படியே பூடுவான். உதயா டூட்டில ஒரே ராத்திரி மூணு பேரு பூட்டானுங்க. அத்தோட அவன் தூக்கமும் போச்சு."

இருமி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபடி, அவராகவே சொன்னார்:

"மூச்சு வந்தா தாண்டிப் போய்கினே இருப்போம். வரலன்னா, அடுப்புக் கரிய கட்டைவெரல்ல தொட்டு..." தன் நெற்றி நடுவைக் காட்டினார். "இங்க வெச்சுடுவோம். அடுத்து வர்றவன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, செத்தவனை எழுப்பிக்கினு நிக்கக் கூடாது பாரு. அதுல உதயா கை ஒரு தபாகூடத் தப்பினது இல்ல."

நெற்றியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை 10.15க்கு நானே தாளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் தம்பி குடித்ததில்லை என்று அதில் இருக்கிறது. வாங்கிய குமாஸ்தா பெயர் கேட்டார், வயது கேட்டார், உறவுமுறை கேட்டார். கையெழுத்துப் போட்ட நேரத்தில் நான் உயிரோடுதான் இருந்தேனா என்று மட்டும் கேட்கவில்லை.