பிரேதம் இல்லாத மெட்டு

தந்தி காலை பத்து மணிக்கு எங்கள் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு வந்தது. கொழும்பிலிருந்து. சந்தியாகு காய்ச்சலில் காலமாகிவிட்டார், அங்கேயே அடக்கம் முடிந்தது, தாயாருக்குச் சொல்லவும் என்று இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்து, ஏற்றுமதிக்கு வந்த நிலாவாரை இலை மூட்டைகளுக்கு ரசீது எழுதினேன். பன்னிரண்டு மணி வரைக்கும் எழுதினேன். ஒரு வரியிலும் பிழை விழவில்லை.

சந்தியாகுவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வார நாட்களில் அவர் மீரான் அண்ணாச்சியின் கயிற்றுக் கிடங்கில் தோணிப் பாய் தைத்தார். ஊரில் சாவு விழுந்தால் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, மாதா கோவில் பேண்டின் முன்வரிசையில் கிளாரினெட்டோடு நின்றார். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் வாசித்திருப்பார். என் தகப்பனார் இறந்தபோது யாரும் அழைக்காமலே சாயர்புரம் வரை சைக்கிள் மிதித்து வந்தார். நாங்கள் வேறு சபை. எங்கள் சபைக் குருவான ஐயர் முகம் சுளித்தார். "பிடிக்கலைன்னா அவுக காதைப் பொத்திக்கிடட்டும் வே. பெரியவரைச் சத்தமில்லாமலா அனுப்புவீரு?" என்று சந்தியாகு வாசலில் நின்று ஊத ஆரம்பித்துவிட்டார்.

அன்று நான் அழவில்லை. எனக்கு அழ வராது. கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் நாணல் சீவலைச் சீவாளி என்பார் அவர். அதை நாக்கில் வைத்து நனைத்த பிறகுதான் வாசிக்க வேண்டும். அடக்கம் முடிந்து திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "நனையாத சீவாளி கீச்சுன்னுதான் கத்தும். நீரு நனையாத சீவாளி வே." அதற்குப் பிறகு எத்தனையோ தடவை இதைச் சொல்லி என்னைக் கேலி செய்தார். நான் சிரித்துக்கொள்வேன்.

அந்தக் கோவில் பேண்டுக்கு ஒரு பழைய விதி உண்டு. பிரேதம் இல்லாத இடத்தில் சாவு மெட்டு வாசிக்கக் கூடாது. வாசித்தால் உயிரோடு இருப்பவனை அனுப்பிவைத்த பாவம் வரும் என்பார்கள். இந்த விதி சந்தியாகுவை மூன்று வருஷம் வதைத்தது. அவர் தம்பி அந்தோனி ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தான். அங்கே குண்டு விழுந்து நம் ஆட்கள் கால்நடையாகத் திரும்பியபோது அவன் வரவில்லை. திரும்பிய ஒருவர், வழியில் காய்ச்சலோடு ஒரு மரத்தடியில் அவன் கிடந்ததைப் பார்த்தேன், மூச்சு இல்லை என்று சந்தியாகுவிடம் சொன்னார். சந்தியாகு அதை என்னிடம் மட்டும் சொன்னார். அவர் தாயார் மரியம்மைக்குச் சொல்லவில்லை. அந்தம்மா தினமும் அந்தோனிக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பார்கள். எனக்குத் தெரியும் என்பதை நானும் காட்டிக்கொள்ளாமல் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

யுத்தம் முடிந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தியாகு பூசை முடிந்து வந்ததும் அவரும் மீரான் அண்ணாச்சியும் நானும் கயிற்றுக் கிடங்கில் உட்கார்ந்திருந்தோம். நாலைந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டிருந்த அமெரிக்கச் சரக்குக் கப்பலிலிருந்து ஒரு மாலுமி படகில் வந்து இறங்கினார். கையில் கிதார். அதில் ஒரு கம்பி அறுந்திருந்தது. கயிறு விற்கும் கடையில் கம்பியும் கிடைக்கும் என்று யாரோ கையைக் காட்டிவிட்டிருக்கிறார்கள். நல்ல கறுப்பு, நெடிய உருவம். சந்தியாகு எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, நம்ம ஆளுல்லா! புன்னைக்காயல்ல கொண்டு விட்டா மூணாம் வீட்டுக்காரன்னுதான் சொல்லுவாவ" என்றார். பெயர் வால்டர் என்று நான்தான் கேட்டுச் சொன்னேன். ஆபீஸ் இங்கிலீஷ் ஒருநாளாவது நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

மீரான் அண்ணாச்சி தூண்டில் நரம்பு ஒன்றைத் தேடி எடுத்தார். சந்தியாகு அதை முறுக்கிக் கட்டினார். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வால்டர் பாடினார். ஒரு வரி பாடினார். முதல் தடவை யாரும் நம்பாததுபோல அதையே மறுபடி பாடினார். மூன்றாவது வரியில்தான் விஷயத்தைச் சொன்னார். வரிகளுக்கு நடுவில் கிதார் பதில் சொன்னது. இதற்கு ப்ளூஸ் என்று பெயராம். பாட்டு முடிந்ததும் எங்களுக்குக் கைதட்டத் தோன்றவில்லை. சந்தியாகு எழுந்து நின்றுவிட்டார், பிரேதம் தூக்கும்போது நிற்பதுபோல. வால்டர் திகைத்துப் போனார்.

"யாரு செத்ததுக்குப் பாடுதாரு, கேளும் வே."

கேட்டேன். யாரும் சாகவில்லை என்றார் வால்டர். அம்மாவிடமிருந்து கடிதம் வந்து ஒரு வருஷமாகிறது, இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை, அந்தத் தெரியாமையைத்தான் பாடினேன் என்றார்.

"பிரேதம் இல்லாம பாடலாமான்னு கேளும்."

அதையும் கேட்டேன்.  பிரேதம் கையில் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் அடிமைகளாக விற்கப்பட்டுச் சிதறிய எங்கள் ஜனங்கள் ஒரு பாட்டுக்கூடப் பாடியிருக்க முடியாது என்றார் வால்டர்.  சந்தியாகு போய்க் கிளாரினெட்டை எடுத்து வந்தார்.

அந்த நாளை எப்படிச் சொல்வேன்! கிதார் கேட்க, கிளாரினெட் சொன்னது. மீரான் அண்ணாச்சி வெறும் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்; "எங்க வாப்பா பாத்தா இந்த டின்னாலேயே அடிப்பாவ" என்று சொல்லிக்கொண்டே போட்டார். தோணிக்காரர்கள் நாலு பேர் வந்து துடுப்புப் பாட்டு எடுத்துவிட்டார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடும் அந்தப் பாட்டு வால்டருக்கு உடனே பிடிபட்டது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கிழங்கை அவர் நாரோடு கடித்து விழித்தார். நான் பாடவும் செய்தேன். என் குரல் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். யுத்தம், ரேஷன், ரங்கூன் எல்லாம் எங்களை விட்டு எங்கோ போயிருந்தன. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் மூவரும் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

மூன்று மணி இருக்கும். வால்டர் மெதுவாக ஏதோ மீட்டிக்கொண்டிருந்தார். அதன் பின்னாலேயே போன கிளாரினெட் சாவு மெட்டுக்குள் நுழைந்தது. மீரான் அண்ணாச்சியின் கை டின்மேல் நின்றுவிட்டது. நான் சந்தியாகுவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். அவர் வீடு அடுத்த தெருவில்தான். வாசலில் நிழல் விழுந்து நிமிர்ந்தபோது, சத்தம் கேட்டு வந்த மரியம்மை நின்றுகொண்டிருந்தார்கள். சந்தியாகு வாயிலிருந்து கிளாரினெட்டை எடுத்துவிட்டார்.

"அந்தோனிக்கா?" என்றார்கள்.

"ஆமாம்மா."

"எப்பத் தெரியும்?"

"மூணு வருசமாச்சு. நீங்க காத்துக்கிட்டிருந்திய. அதான் ஊதல."

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "நீ ஊதலைன்னுதாம்ல நான் காத்துக்கிட்டு இருந்தேன். ஊருக்கெல்லாம் ஊதுத புள்ளை, தம்பிக்கு ஒண்ணுன்னா ஊதாம இருப்பானான்னு நெனச்சேன்." பிறகு சேலை முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நிப்பாட்டாத. வாசி" என்றார்கள்.

வாசித்தார். வால்டர் கிதாரில் துணை போனார். மெட்டு முடிகிறவரை அந்தம்மா அழுதார்கள். படகேறும் நேரத்தில் வால்டரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "இவுக ஆத்தா எழுதலைன்னா இவுகளை எழுதச் சொல்லுங்க தம்பி. அவளும் யாரோட சத்தத்துக்கோ காத்துக் கெடப்பா" என்றார்கள். நான் சொன்னேன். வால்டர் தலையை ஆட்டினார். மறுநாள் அந்தோனியின் தட்டு பாத்திர அடுக்குக்குள் போய்விட்டது.

இப்போது உங்களுக்குப் புரியும், என் பையில் இருந்த தந்தி எதற்காக அவ்வளவு கனத்தது என்று. கொழும்பில் ஒரு கோவில் திருநாளுக்கு வாசிக்கப் போகிறேன், பத்து நாளில் வந்துவிடுவேன் என்று தோணியேறிய மனிதர். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். சொன்னேன். அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, "தந்தி எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்கள்.

"பத்து மணிக்கு."

"அப்ப ரெண்டு மணி நேரமா அவன் எனக்கு உசுரோட இருந்திருக்கான். ஒங்களுக்கு மட்டும் செத்திருக்கான்." என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். "ஒத்தையிலயா சுமந்திய? எதுக்கு தம்பி?"

தந்தியை எடுத்து அவர்கள் கையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் கோவிலில் பூசை. பீடத்தின் முன்னால் கறுப்புத் துணி போர்த்திய வெறும் பாடை. பேண்டுக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் வந்து வாத்தியங்களைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். பேண்டு மாஸ்டர் நல்லவர். விதி அவரைக் கட்டிப்போட்டிருந்தது. "பிரேதம் இல்லியே அம்மா" என்றார்.

மரியம்மை எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்கள். "ஒரு புள்ளைக்கு மூணு வருசம் காத்திருந்தாச்சு. இவனுக்கும் என்னைக் காக்க வைக்காதியப்பா. ஊதுங்க."

ஊதினார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து கிளாரினெட் தனியாக ஏறும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தது. யாரும் வாசிக்கவில்லை. அவர் இடத்தை அவருக்கே விட்டுவிட்டார்கள். அந்த அமைதியில் யாரோ கீச்சென்று விம்முவது கேட்டது. மீரான் அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அணைத்தபோதுதான் அது நான் என்று எனக்குத் தெரிந்தது.

கிளாரினெட் அவரோடு கொழும்பிலேயே போய்விட்டது. என் ஆபீஸ் மேஜை இழுப்பறையில் அவர் மறந்து வைத்த ஒரு சீவாளி கிடக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். மூவரும் சந்தோஷமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, அவர் தாயார் என்னைக் கேட்ட கேள்வி. இனி யார் வீட்டுச் செய்தியும் என் பையில் இரண்டு மணி நேரம் கிடக்காது, சந்தியாகு.