உப்புத் தண்ணீரும் என் வாயும்

தேத்தண்ணி ஆணி கரைத்த மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, என் மனுசன் கேத்தலைக் கவிழ்த்து ஆணி தேடினார். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்வார். பிழை கேத்தலில் இல்லை, என் வாயில். மார்பில் வந்த புற்றுநோய்க்கு இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு வாயெல்லாம் புண். நாக்கில் வெள்ளையாக ஒரு படை. சோறு பட்டாலே நெருப்பு.

ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி டோர்ச் அடித்துப் பார்த்தா.

"அன்ரி, எல்லாற்றை வாயிலையும் நல்ல கிருமியும் கூடாத கிருமியும் சேர்ந்துதான் இருக்கும். ஒண்டு மற்றதை அடக்கி வைச்சிருக்கும். இந்த மருந்தாலை அந்த ஒழுங்கு குழம்பிப்போச்சு. இப்ப பூஞ்சணம் பிடிச்சிருக்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சனமெல்லாம் கனடாவுக்குப் போன பிறகு, எங்கள் ஊர் கரம்பொனில் பூட்டிக் கிடக்கும் வீட்டு வளவுகளுக்குள் கட்டாக்காலி மாடுகள் புகுந்து நிற்கிறதுதானே. என் வாயிலும் அதே கதை.

நாக்கில் விட மருந்து தந்தா. உப்புத் தண்ணீரால் அடிக்கடி கொப்பளிக்கச் சொன்னா. அடுத்த கிழமைக்குள் வாய் ஆறாவிட்டால் மூன்றாவது மருந்து பிந்தும் என்றும் சொன்னா. புண்ணை நான் தாங்குவேன். மருந்து பிந்தப் பிந்த, உள்ளே இருக்கிற சனியனுக்கல்லவா கொண்டாட்டம்!

வீட்டுக்கு வந்ததும் மனுசன் பொறுப்பெடுத்தார்.

"இஞ்சாரும், எங்கடை கிணத்துத் தண்ணியே உப்புத்தானே. பிறகேன் உப்புப் போடுவான்?"

எங்கள் கிணற்றில் குளிக்கலாம், குடிக்க ஏலாது. குடிதண்ணீர் பவுசர் வண்டியில் வரும். ஆகவே அவர் சொன்னது எனக்கும் பெரிய ஞானமாகப் பட்டது. கிணற்றடியில் அவர் வாளியோடு நிற்பார், நான் கொப்பளிப்பேன். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வளவு நாய் விடாமல் குரைக்கும். வாயோ ஆறுகிற பாடில்லை. உதடும் சேர்ந்து வீங்கிப் பேச்சு நின்றுபோனது. கையால் தலையணை கேட்டேன், குடை கொண்டுவந்தார்.

மறுகிழமை மிஸ்ஸி என் வாயைப் பார்த்துத் திடுக்கிட்டா. "கொதிச்சாறின தண்ணியிலையோ கொப்பளிச்சவ?" என்று மனுசனைக் கேட்டா.

"இல்லை மிஸ்ஸி," என்றார் மனுசன் பெருமையாக. "கிணத்திலை நேரை அள்ளித்தான். உப்பு அதிலையே இருக்கு."

"ஐயா, அந்தக் கிணத்துக்கை வேறை என்னவெல்லாம் இருக்கும்?"

மனுசன் கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஆமை இருக்கு."

மிஸ்ஸி சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பிறகு நல்லாய்ப் பேசினா. எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரமாம். நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு கோப்பைக்குக் கால் தேக்கரண்டி உப்புப் போட வேண்டுமாம்.

மூன்றாவது மருந்து ஒரு கிழமை தள்ளிப்போனது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பயத்தில்தான் அழுதேன். அன்று தொடக்கம் குசினி அவருடைய ஆய்வுகூடமானது. தேக்கரண்டியில் உப்பைக் கத்தியால் மட்டம் தட்டித்தான் போடுவார். தண்ணீர் ஆறும்வரை ஈ அண்டாமல் விசிறியோடு காவல் இருப்பார். எனக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் உதடு வெடிக்கும்.

அடுத்த முறை டொக்டர் வாயைப் பார்த்துவிட்டு, "ஏத்தலாம்," என்றார். மனுசன் போட்ட "தாங்ஸ்" சத்தத்துக்கு ஆஸ்பத்திரி வாட்டே திரும்பிப் பார்த்தது. பரீட்சை பாஸ் பண்ணின பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஊசி குத்தி, மருந்து சொட்டத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு மற்றது நினைவு வந்தது.

"இஞ்சாரும், இது ஏறினால் திரும்பவும் வாய் நோகப்போகுதே."

"நோகட்டும்," என்றேன். "நான் இருக்கவேணும்."

அவர் என் கையைப் பிடித்தார். போத்தல் முடியும்வரை மூத்திரத்துக்குக்கூட எழும்பிப் போகவில்லை.