ஏரிக்கரையில் கையசைத்தவர்கள்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்புதான் வரும். வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பேரிங் போயிருக்கும், அவ்வளவுதான் நான் கண்ட வேதாந்தம். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் சிரித்தால் மட்டும் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

விமானம் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பைத்தியம். பெரியப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தார். அவரை வழியனுப்ப மீனம்பாக்கம் போகும்போதெல்லாம் நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கும் திருச்சிக்கும் போகிற அந்த நாற்பது சீட் விசிறி விமானங்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்ஜின் இறக்கைமேல் குந்திக்கொண்டிருக்கும், காதைக் குத்துகிற மாதிரி கீச்சென்று ஊளையிடும். அதெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. இப்போது பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிற விசிறி விமானத்துக்கு இறக்கை சன்னலுக்கு மேலே இருக்கும். பழையதற்கு சன்னலுக்குக் கீழே.

ஊசுடு ஏரிக்கரைமேல் நின்றால் அது இறங்கி வருவது நன்றாகத் தெரியும். என் மனைவி ஸ்டெல்லாவும் கூட வருவாள், பைனாகுலர் அவள் கையில், நோட்டு என் கையில். எங்கள் ஒரே மகள் ஜெனி பெங்களூரில் நர்ஸ். அவள் விமானத்தில் வருகிற நாளில் மஞ்சள் துப்பட்டாவை சன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்துவாள், நாங்கள் கரையில் நின்று கையை ஆட்டுவோம், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுக்கு ஓடுவோம். இது எங்கள் மூன்று பேருக்குள் ஓர் ஏற்பாடு.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவள் வருவதாக இருந்தது. நாலேகால் விமானம். தினமும் அதே விமானம்தானே என்று நேரத்தையும் விமானத்தின் நம்பரையும் நோட்டில் முன்கூட்டியே எழுதிவைப்பது என் கெட்ட பழக்கம், பார்த்ததும் டிக் போட்டால் வேலை முடிந்தது. சொன்ன நேரத்துக்குச் சத்தம் வந்தது. ஆனால் இந்தக் காலத்துச் சத்தம் இல்லை. அது மீனம்பாக்கம் ஊளை.

"இன்னாங்க, ரெக்கை கீழ இருக்குது?" என்றாள் ஸ்டெல்லா.

"வேற ப்ளைட்ட அனுப்பியிருப்பான். நீ புள்ளயப் பாரு."

"தோ, மஞ்சத் துப்பட்டா! நாலாவது சன்னலு. ஜெனிதாங்க!"

இரண்டு பேரும் கை வலிக்கும்வரை ஆட்டினோம். நான் டிக் போட்டேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும், புத்தி போகவில்லை.

ஏர்போர்ட் வாசலில் நின்ற காவலர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "பெங்களூர் ப்ளைட்டா? அங்க மழைங்க, இன்னும் கெளம்பவே இல்ல. அஞ்சே முக்கா ஆவும்."

"அப்ப இப்ப எறங்குனது?"

"இன்னிக்கு மத்தியானத்துலேந்து ஒண்ணும் எறங்கலையே."

ஜெனியின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டெல்லா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். "நான் பாத்த புள்ள யாருங்க அப்ப?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்க, "சும்மா இருடி" என்று கத்திவிட்டேன். கோபமில்லை, பயம். எங்கள் தலைக்கு மேலே போன விமானம் எங்குமே இறங்கவில்லை, அதில் என் மகளைப் பார்த்ததாக என் மனைவி சத்தியம் செய்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

அஞ்சே முக்காலுக்கு மேற்கே சத்தம் கேட்டது. சரியான சத்தம், இந்தக் காலத்து விமானம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இன்ஜின் திடீரென்று உறுமியது. முழு லோடு கொடுத்து மேலே இழுக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சுற்று சுற்றி வந்து அது தரையைத் தொடுகிறவரை ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

ஜெனி முகம் வெளுத்து வெளியே வந்தாள். ஸ்டெல்லா கட்டிக்கொள்ளப் போனபோது ஓரடி பின்வாங்கினாள். "அதுக்குள்ள எப்படி இங்க வந்தீங்க?"

"நாங்க நாலே முக்காலேந்து இங்கதான்டி இருக்கோம்."

"பொய் சொல்லாதீங்கப்பா. இப்பதான் ஏரிக்கரையில ரெண்டு பேரையும் பாத்தேன். நடுவுல யாருன்னே தெரியாத இன்னொருத்தரு. ஏர்போர்ட்ல ப்ளைட்டு நிறுத்த கை காட்டுவாங்களே, அது மாதிரி ரெண்டு கையயும் தூக்கி வா வான்னு கூப்ட்டாரு. ரொம்ப கீழ போயிட்டோம். தண்ணி கிட்டத்துல தெரிஞ்சிது. அப்புறம்தான் பைலட்டு மேல தூக்குனாரு."

"எங்கடி கூப்ட்டாரு?"

"ஏரிக்குள்ள." அவள் இன்னும் ஓரடி தள்ளி நின்றாள். "அவரு மட்டும் இல்லப்பா. நீங்களும் அம்மாவும் சேந்துதான் கூப்ட்டீங்க. சிரிச்சிக்கிட்டே."

அதன்பிறகு நாங்கள் அந்தக் கரைக்குப் போவதில்லை. அவளும் பஸ்ஸில்தான் வருகிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள், சாப்பிடுகிறாள். போன வாரம் பஸ் கிளம்பும்போது ஸ்டெல்லா பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டாள். சன்னலோரம் இருந்த ஜெனி சட்டென்று எழுந்து அந்தப் பக்கத்து சீட்டுக்குப் போய், எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.