சுரங்க ரயிலுக்கு இரண்டு வாசல்

பெங்களூரில் கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகன், போன மாதம் ஒருநாள் சுரங்க ரயிலை விட்டு மேலே வர வெகுநேரம் ஆக்கிவிட்டான். போனும் கிடைக்கவில்லை. அவனைப் பார்க்கப் போயிருந்த நான் படிக்கட்டின் வாயிலேயே நின்றிருந்தேன். வந்தவன், "உள்ள டவர் இல்லம்மா, அதுக்குப் போயி அழுவாங்களா?" என்று சிரித்தான். ஓசூருக்குத் திரும்பி இத்தனை நாளாகியும் எனக்கு நடுக்கம் தீரவில்லை. கண்ணை மூடினால் வருவது அந்தப் படிக்கட்டு அல்ல. எட்டு வயதில் நான் பார்த்த வேறொன்று.

அப்போது அப்பாவைத் தொழிற்சாலையில் புது மெஷின் பழகிவரக் கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்தார்கள். முழுப்பரீட்சை லீவில் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இருந்த வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் நானும் அங்கே போனோம். அம்மா கர்நாடக எல்லையோரத்து ஜூஜுவாடியில் பிறந்தவள். பஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியைத் தாண்டினால் அவள் பேச்சு தானாகக் கன்னடத்துக்கு மாறும், காய்காரம்மாவிடம் தெலுங்கு. "மூணு பாஷை தெரிஞ்சவளுக்கு எந்த ஊரா இருந்தா என்னா?" என்று ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இறங்கிய அன்றே மூன்றும் அங்கே செல்லாது என்று தெரிந்துவிட்டது.

அப்பா தங்கியிருந்தது ஒரு புறநகரில். சாயங்காலம் அவரை அழைத்துவர ரயில் நிலையத்துக்கு நடப்போம். நிலையம் என்று அங்கே எதுவும் கண்ணில் படாது. தண்டவாளமோ கூவலோ கிடையாது. நடைபாதை ஓரத்தில் ஒரு பள்ளம், அதற்குள் இறங்கும் படிகள், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் பொரி விற்பார். அவருடைய தகர டப்பா திடீரென்று லேசாக அதிரும். சற்று நேரத்தில், மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி ஜனங்கள் கிளம்பி வருவார்கள்.

எனக்குக் கேள்வி தாங்கவில்லை. மேலே லாரி போனால் இடிந்து விழாதா? கிணறு மாதிரி தண்ணீர் ஊறாதா? "உள்ள பட்டப்பகல் மாதிரி லைட்டு போட்டிருக்கான் கண்ணு" என்பார் அப்பா. அம்மாவோ முதல் படியில்கூடக் கால் வைக்க மாட்டாள். "பூமிக்குள்ள போறதுக்கு இன்னும் காலம் இருக்குது. இப்பவே என்னா அவசரம்?"

ஒருநாள் அம்மா பொரிக்காரரிடம், மிளகாய் வேண்டாம் என்பதைத் தலையாலும் கையாலும் மூன்று மொழியாலும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இறங்கிவிட்டேன்.

உள்ளே நிஜமாகவே பகலாக இருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை. எங்கிருந்தோ காற்று வந்து பாவாடையைத் தூக்கியது. டிக்கெட் கேட்கும் இடத்துக்கு அப்பால் விடவில்லை. சரி என்று ஜனங்களோடு நடந்து, அவர்களோடு ஏறினால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்திருந்தேன். சுரங்கத்துக்கு இரண்டு வாசல்! அப்பாகூட இதைச் சொல்லவில்லையே என்று பெருமையாக இருந்தது.

எதிர்ப்பக்கம் பார்த்தேன். அம்மாவைச் சுற்றிக் கூட்டம். அவள் பள்ளத்தைக் காட்டுகிறாள், ஒரு போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, இடுப்புக்கும் கீழே வைத்து, இத்தனை உயரம் என்று எல்லோருக்கும் காட்டுகிறாள். யாருடைய குழந்தையோ தொலைந்திருக்கிறது, அம்மா உதவி செய்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நான் அவள் தோளைத் தொட்டுவிடும் உயரம். அந்தக் கை காட்டியதோ, இப்போதுதான் நடக்கப் பழகிய ஒன்றை.

சுவாரசியம் தாங்காமல் மறுபடி இறங்கி, ஏறி, அவள் பின்னால் போய் முந்தானையைப் பிடித்தேன்.

"யாரும்மா காணாம போயிட்டாங்க?"

பொரிக்காரர்தான் முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் இரண்டு கன்னத்தையும் அழுத்திப் பிடித்து, "நின்ன எடத்துல நிக்கத் தெரியாதா? உங்கப்பனுக்கு நான் என்னான்னு பதில் சொல்லுவேன்?" என்று தொடங்கி, கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் தாவித் திட்டித் தீர்த்தாள். அப்பா மேலே வந்த பிறகும், வீடு வரை என் மணிக்கட்டை விடவில்லை.

இரவு அப்பாவிடம் புகார் சொன்னேன். "அம்மாவுக்கு என் உயரமே தெரியலப்பா. இவ்வளவுதான்னு காட்டுனாங்க." அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெற்றவளுக்கே என் அளவு தெரியவில்லையே என்று எனக்கு லீவு முடியும்வரை கோபம். கண்ணுக்குத் தப்பிய பிள்ளை எத்தனை சீக்கிரம் சின்னதாகிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.